தாத்தா காலத்துச் சாணைக்கல் வீட்டில் இருக்கிறதா? இயற்கைக் கல்லா, கம்பெனிக் கல்லா எனக் கண்டுபிடிப்பது எப்படி?

பரணில் பழைய தகரப் பெட்டி. அதற்குள் மடக்குச் சவரக்கத்தி ஒன்று, தோல் வார் ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நீள்சதுரக் கல் ஒன்று. பழைய சலூன் வைத்திருந்த குடும்பங்களிலும், வீட்டிலேயே சவரம் செய்துகொண்ட தாத்தாக்களின் சாமான்களிலும் இப்படி ஒரு கல் கிடைப்பது உண்டு. சிலர் அதை அருவாமனை தீட்ட எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். இன்னும் சிலரிடம், "இது வெள்ளைக்காரன் காலத்துக் கல்" என்று சொல்லி யாரோ நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள்.

உண்மை என்னவென்றால், அந்தக் கல் மண்ணிலிருந்து வெட்டி எடுத்த அரிய இயற்கைக் கல்லாகவும் இருக்கலாம். தொழிற்சாலை சூளையில் சுட்டெடுத்த சாதாரணக் கல்லாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆனால் ஒரு லென்ஸ், சமையலறைத் தராசு, கொஞ்சம் தண்ணீர், அரை மூடி எலுமிச்சை இருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

சவரக்கத்திக்கு மட்டும் ஏன் தனிக் கல்?

அருவாளுக்கும் கோடாலிக்கும் சொரசொரப்பான கல் போதும். விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் இருந்தால் வெட்டுவதற்கு அது உதவியாகவே இருக்கும். சவரக்கத்தி அப்படி அல்ல. தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முடியை மட்டும் வெட்ட வேண்டும்.

மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்த அளவுக்குக் கூர்மை வர வேண்டுமானால், கல்லில் உள்ள துகள்கள் மிக மிக நுண்ணியதாக, ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு பெரிய மணல் துகள் இருந்தாலும் விளிம்பில் பல் விழுந்துவிடும். சவரம் செய்யும்போது அந்தப் பல் கன்னத்தைக் கீறும்.

இப்படிப்பட்ட சீரான நுண்கல் உலகில் சில இடங்களில்தான் கிடைத்தது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

அப்போ, திண்டுக்கல்லில் அந்தக் கல் கிடைக்காதா?

ஊர்ப் பெயரிலேயே கல் இருக்கிறது. கோட்டை நிற்கும் பாறை திண்டு போல இருப்பதால் திண்டுக்கல் ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் சவரக்கத்திக்கான கல் இந்த மண்ணில் உருவாகும் வகை இல்லை. காரணம் நிலவியல்.

சிறுமலை, கொடைக்கானல் மலைகளிலும் அடிவாரச் சமவெளியிலும் இருப்பவை பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவற்றின் படிகங்களைக் கண்ணாலேயே பார்க்க முடியும். பல இடங்களில் மில்லிமீட்டர் அளவு இருக்கும். சவரக்கத்திக்குத் தேவைப்படுவது அதைவிடப் பல நூறு மடங்கு சிறிய துகள். அருவாள் முனையைத் தேய்த்து வைக்க உள்ளூர்க் கல் போதும். சவரத்துக்கு ஆகாது.

சார்னோகைட் என்ற பெயருக்கே தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதை வைத்து, சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் பாறைக்கு 1890-களில் இந்தப் பெயரை வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட்.

ஆகவே "திண்டுக்கல் மலையில் வெட்டிய சவரக்கல்" என்று யாராவது விற்க வந்தால், அங்கேயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லுக்கு அப்படி எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுச் சாணைக்கல் என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் உலகத்துக்கே பெயர் கொடுத்த கல். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று சொல்லப்படும் கனிமத்தின் பெயர் தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே கனிமத்தின் வண்ண வகைகள்தான். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குருந்தம் 9.

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக வடக்கே போனால் காங்கேயம். அங்குள்ள சிவன்மலைப் பகுதியில் குருந்தம் உள்ள பாறைகள் இருப்பதை அதே தாமஸ் ஹாலண்ட் 1901-ல் விரிவாக எழுதினார். அதற்கும் முன்பே, 1798-ல், ஆசியாவிலிருந்து வந்த குருந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் சார்லஸ் கிரெவில் கட்டுரை வெளியிட்டார்.

குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் கலந்து, சக்கரமாகவோ கட்டியாகவோ வார்த்துச் சாணையாகப் பயன்படுத்துவது இந்தியாவின் பழைய முறை. கத்தி தீட்டவும் ரத்தினக் கற்களைப் பட்டை தீட்டவும் அது உதவியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சாணையில் உள்ள பொடி இயற்கையானது. கல் மனிதன் செய்தது. பழைய கல் என்றாலே இயற்கைக் கல் என்று நினைப்பது தவறாகப் போவது இந்த இடத்தில்தான்.

வீட்டில் கிடைக்கும் கல் எதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்?

கம்பெனிக் கல்லாக. அமெரிக்காவின் எட்வர்ட் அச்செசன் 1891-ல் மின்சூளையில் சிலிக்கான் கார்பைடு என்ற பொருளை உருவாக்கி, அதற்கு 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரிலும் நம்ம குருந்தத்தின் எதிரொலி இருக்கிறது. 1954-ல் முருகப்பா குழுமம், அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. தேய்ப்புக் கற்கள் உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு ஹார்டுவேர் கடைகளுக்கு வந்தன.

இதிலிருந்து காலக் கணக்குக்கு ஓர் எளிய விதி கிடைக்கிறது. உங்கள் கல் சிலிக்கான் கார்பைடு என்று உறுதியானால், அது 1891-க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. "இருநூறு வருஷப் பழசு" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உலகில் பெயர் பெற்ற இயற்கைச் சவரக்கற்கள் எவை?

• பெல்ஜியத்தின் கோட்டிகுல்: ஆர்டென் மலைப் பகுதியில் வீல்சால்ம் ஊரைச் சுற்றி வெட்டப்பட்டது. வெளிர் மஞ்சள் அல்லது தந்த நிறம். நுண்ணிய கார்னெட் படிகங்கள்தான் கத்தியைத் தீட்டுகின்றன. மஞ்சள் அடுக்கு மெல்லியது என்பதால் கருநீல அல்லது சாம்பல் நிறப் பலகைக் கல்லோடு சேர்ந்தே வரும்.

• ஜெர்மனியின் துரிஞ்சியன் கல்: துரிங்கியா பகுதியின் நுண்ணிய பலகைக் கல். கருநீலம், சாம்பல், வெளிர் பச்சை நிறங்களில் இருக்கும். எஷர் நிறுவனத்தின் காகித லேபிள் ஒட்டியவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

• அமெரிக்காவின் அர்கன்சாஸ் கல்: கிட்டத்தட்ட முழுவதும் சிலிக்கா. வெள்ளை, சாம்பல், கறுப்பு நிறங்களில் வரும். மிக நெருக்கமான வகையின் ஓரத்தில் டார்ச் அடித்தால் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும்.

• இங்கிலாந்தின் சார்ன்லி ஃபாரஸ்ட்: லெஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்தது. பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், பல கற்களில் செம்பழுப்புக் கோடுகளோடு இருக்கும்.

• ஜப்பானின் கியோட்டோ கற்கள்: வாள், உளி, சவரக்கத்தி எல்லாவற்றுக்கும் புகழ்பெற்றவை. சிலவற்றில் சுரங்க முத்திரை இருக்கும்.

பழைய மடக்குக் கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயர்களைப் பார்க்கலாம். கத்தி கடல் கடந்து வந்த மாதிரி, கல்லும் வந்திருக்கலாம். ஆனால் கத்தியில் இருக்கும் ஊர்ப் பெயர் கல்லுக்குச் சாட்சி ஆகாது. இரண்டும் வேறு வேறு காலத்தில் வாங்கியதாக இருக்கலாம்.

முதலில் என்ன செய்யக் கூடாது?

கல்லைக் கையில் எடுத்தவுடன் தேய்த்துக் கழுவாதீர்கள். நான்கு பக்கமும் பாருங்கள். முனைகளில் காகித லேபிள், முத்திரை, பொறித்த எழுத்து இருக்கிறதா? இருந்தால் போட்டோ எடுத்துவிட்டு, அந்தப் பகுதியில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி கிழிந்த லேபிள்கூடக் கல்லின் அடையாள அட்டை மாதிரி.

கொதிநீரில் போடக் கூடாது. அரக்குச் சாணை என்றால் இளகிவிடும். இரண்டு அடுக்கு ஒட்டிய கல் என்றால் பிரிந்துவிடும். ஆசிட் ஊற்றக் கூடாது. கிரைண்டரில் மேல்பரப்பைச் சீவக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு போக, பாத்திரம் கழுவும் திரவமும் பழைய டூத் பிரஷும் போதும். போகவில்லையென்றால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய 7 சோதனைகள்

கல்லுக்குச் சேதம் இல்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். கீறல், சூடு போன்றவை கடைசியில்.

1. பக்கவாட்டைப் பாருங்கள்

மேல்பரப்பு தேய்ந்திருக்கும். உண்மை பேசுவது பக்கவாட்டும் அடிப்பக்கமும்தான். இயற்கைக் கல்லில் ரம்ப வெட்டுத் தடம், உளி பட்ட இடம், ஒழுங்கில்லாத முதுகு, மெல்லிய அடுக்குக் கோடு, நரம்பு போன்ற கோடுகள் இருக்கலாம். கம்பெனிக் கல்லில் ஆறு பக்கமும் ஒரே வழவழப்பு, அச்சில் வார்த்த மாதிரி உருண்ட ஓரம், அழுத்திப் பதித்த எழுத்து இருக்கும். சவரத் தொழிலாளர்களுக்கென்றே கையடக்கமாகத் தயாரான 'ஸ்வாட்டி' போன்ற ஐரோப்பியக் கற்களும் செயற்கைக் கற்கள்தான்.

2. லென்ஸ் வைத்துப் பாருங்கள்

நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். ஒரே அளவிலான கறுப்புத் துகள்கள் எங்கும் சீராக மின்னினால் சிலிக்கான் கார்பைடு. நடுநடுவே குட்டித் துளைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல இயற்கைக் கல்லில் தனித்தனித் துகளே தெரியாது. பால் போலவோ மெழுகு போலவோ ஒரே பரப்பாகத் தெரியும்.

இதில் ஒரு குழப்பம் வரலாம். இரண்டு நிறம் இருந்தாலே கம்பெனிக் கல் என்று முடிவு கட்டக் கூடாது. கடையில் விற்கும் இரட்டைக் கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். நடுக்கோடு அளவெடுத்த மாதிரி நேராக இருக்கும். கோட்டிகுல் கல்லிலும் மஞ்சள், கருநீலம் என இரண்டு நிறம் உண்டு. இயற்கையாகவே ஒட்டியிருந்தால் நடுக்கோடு நெளிந்து, மங்கலாக ஓடும். அதிலேயே பசை போட்டு ஒட்டிய வகையும் உண்டு என்பதால், கோட்டை மட்டும் பார்க்காமல் மேல் அடுக்கின் தன்மையையும் பார்க்க வேண்டும்.

3. ஒரு சொட்டுத் தண்ணீர்

சுத்தம் செய்து காய்ந்த கல்லின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். உடனே உறிஞ்சினால் துளைகள் அதிகம். கம்பெனிக் கல்லாகவோ மணற்கல்லாகவோ இருக்க வாய்ப்பு. சொட்டு அப்படியே நின்றால் நெருக்கமான கல். ஆனால் வருடக் கணக்கில் எண்ணெய் குடித்த கல்லும் தண்ணீரை ஏற்காது. அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

4. எடை போட்டு அடர்த்தி கண்டுபிடியுங்கள்

கொஞ்சம் பொறுமை வேண்டும்; ஆனால் பலன் அதிகம். முதலில் கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் ஓரத்திலும் தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

உதாரணமாகக் கல் 420 கிராம், தராசு காட்டுவது 152 என்றால், 420 ÷ 152 = 2.76.

பலகைக் கல் வகைகள் பொதுவாக 2.7, 2.8 சுற்றி வரும். கார்னெட் நிறைந்த கோட்டிகுல் அடுக்கு 3-ஐத் தாண்டும். அர்கன்சாஸ் கற்கள் 2.2 முதல் 2.65 வரை. துளைகள் உள்ள கம்பெனிக் கற்கள் பெரும்பாலும் 2 முதல் 2.5-க்குள் நிற்கும். கடைசி இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால், லென்ஸ் சோதனையோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். லேபிள் உள்ள கல்லுக்கும், ஒட்டிய இரட்டை அடுக்குக் கல்லுக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

5. எலுமிச்சைச் சாறு

அடிப்பக்க மூலையில் ஒரு துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு, லென்ஸில் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வகைக் கல். நம்ம வீடுகளில் அலமாரிக்குப் போடும் கறுப்புக் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகைதான். அதை வழவழவென அறுத்து, "கறுப்புச் சவரக்கல்" என்று கொடுத்தாலும் எலுமிச்சை காட்டிக்கொடுத்துவிடும். திண்டுக்கல் மாவட்டத்திலேயே வேடசந்தூர் அருகே கரிக்காலிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. அது சிமெண்டுக்கு, சவரத்துக்கு அல்ல. சோதித்த இடத்தை உடனே தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

6. கீறலும் நகமும்

நகத்தால் கீறினாலே கோடு விழுந்தால் அது கல்சட்டி செய்யும் மாவுக்கல். கத்தி தீட்ட உதவாது. அடுத்து, இரும்பு ஆணியால் பக்கவாட்டில் ஒரு சின்னக் கோடு. கல்லில் பள்ளம் விழுந்தால் பலகைக் கல் போன்ற மென்மையான வகை. கல்லில் எதுவும் ஆகாமல், ஆணியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டியிருக்கிறது என்றால் சிலிக்கா, குருந்தம், சிலிக்கான் கார்பைடு போன்ற கடினமான வகை.

பலகைக் கல் எல்லாமே சவரக்கல் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆந்திராவின் மார்க்காபூர் சிலேட்டுக்குப் பேர்போன ஊர். பள்ளிக்கூடச் சிலேட்டும் இதே குடும்பம்தான்.

7. சூடான ஊசி

அரக்குச் சாணையா என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இது. ஊசியை இடுக்கியால் பிடித்துச் சூடாக்கி, கண்ணில் படாத மூலையில் தொடுங்கள். இளகி, அரக்கு வாசனை வந்தால் அது வார்த்த சாணை. இயற்கைக் கல்லுக்கும் சூளைக் கல்லுக்கும் ஒன்றும் ஆகாது.

எல்லாம் சரி, கத்தி தீட்டுமா?

கடைசித் தீர்ப்பு அங்கேதான். கல்லில் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைப்பது போல அதே வகைச் சிறு கல்லால் தேய்த்தால் குழம்பு வரும். கோட்டிகுல் கல்லில் அது பால் வெள்ளையாக வரும். ஊதாப் பலகைக் கல்லில் இளஞ்சிவப்பாக வரலாம். அதன் மேல் ஒரு பழைய பேனாக்கத்தியைத் தேய்க்கும்போது குழம்பு கறுத்தால், இரும்பு கரைகிறது. கல் வேலை செய்கிறது என்று பொருள்.

பிறகு கத்தியின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். ஆழமான கோடுகள் தெரிந்தால் சமையல் கத்திக்கான கல். கோடுகள் மறைந்து மங்கலான ஒரே பரப்பாகத் தெரிந்தால் மட்டும் சவரக்கத்தியை வைக்கலாம். சவரக்கத்தியின் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி வைத்துத் தள்ள வேண்டும். கல் நடுவில் குழிந்திருந்தால் இது சரியாக நடக்காது. கண்ணாடி மேல் நீர்ப்புகா உப்புத்தாள் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன் செய்யலாம். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பல கற்களில் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. கூர்மையைக் கட்டைவிரலில் சோதிக்க வேண்டாம். ஒற்றை முடியைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள்.

இந்தக் கற்கள் ஏன் பரணுக்குப் போயின?

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டன. ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தினால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரவலாம் என்ற விழிப்புணர்வு வளர வளர, ஆளுக்கொரு பிளேடு என்பது சலூன்களின் வழக்கமானது. மாவட்டத்தின் பழனியில் முடி காணிக்கை செலுத்துவோருக்கும் இன்று புது பிளேடுதான். பிளேடு வந்ததும் கல்லுக்கு வேலை போனது.

அந்த மாற்றம் தேவையானது. பழைய கல்லையும் கத்தியையும் எடுத்துப் பயன்படுத்த விரும்புவோர் ஒருவருக்கு ஒரு கத்தி என்ற விதியை மீறக் கூடாது. பல பேருக்குச் சவரம் செய்ய அவை வேண்டாம்.

விற்கும் முன், வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

விற்பவர்கள்: லேபிளோடும் அடிப்பக்கத்தோடும் போட்டோ எடுத்து வையுங்கள். எடை, நீள அகலம், அடர்த்தி குறித்து வையுங்கள். மதிப்புத் தெரியும் வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள். உடைந்த துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். குழம்பு எடுக்க அதுவே உதவும்.

வாங்குபவர்கள்: பக்கவாட்டுப் படம் கேளுங்கள். அடர்த்தி என்ன என்று கேளுங்கள். கல் நனைந்தபோது எடுத்த படத்தையும் காய்ந்த படத்தையும் கேளுங்கள். விரிசல் இருந்தால் நனைந்து காயும்போது தெரியும். "ரொம்பப் பழசு" என்பது மட்டுமே பதிலாக வந்தால் விலையைப் பேச வேண்டாம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நிலவியல் துறை உள்ள கல்லூரியில் காட்டலாம். கல்லின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் கனிமம் தெரிந்துவிடும். அதற்குக் கல்லில் சிறு துண்டு வெட்ட வேண்டியிருக்கும் என்பதால் லேபிள் உள்ள கல்லுக்கு யோசித்துச் செய்யுங்கள்.

சுருக்கமாக

• சீரான கறுப்பு மின்னல், துளை, அச்சு ஓரம்: கம்பெனிக் கல். 1891-க்குப் பிந்தையது.
• சூட்டில் இளகி அரக்கு வாசனை: வார்த்த சாணை. பழசாக இருக்கலாம், சவரக்கல் அல்ல.
• எலுமிச்சையில் நுரை: கடப்பா போன்ற சுண்ணாம்பு வகை.
• நகத்தில் கீறல்: மாவுக்கல்.
• ரம்பத் தடம், நெருக்கமான பரப்பு, 2.7 சுற்றிய அடர்த்தி: நுண் பலகைக் கல்லாக இருக்கலாம். தீட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.
• வெளிர் மஞ்சள், பால் வெள்ளைக் குழம்பு, 3-க்கு மேல் அடர்த்தி: கோட்டிகுல் ஆக இருக்க நல்ல வாய்ப்பு. பத்திரப்படுத்துங்கள்.

கம்பெனிக் கல் என்று தெரிந்தாலும் ஏமாற்றம் வேண்டாம். வீட்டுக் கத்திக்கும் அருவாமனைக்கும் அது இன்னும் பல வருடம் உழைக்கும்.